தறி நாட்களின் வெள்ளைச் சாப்பாடு

"ஆனி, கடைசிப் புதன். ஐயம்பேட்டை. தேவகி, ஐந்தாம் மாதம். ரத்த அளவு போன மாதம் 8.4, இந்த மாதம் 7.8. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறாள். கீரை வீட்டில் தினமும் சமைக்கிறார்கள். கணக்கு எங்கோ உதைக்கிறது."

இது என் நாட்குறிப்பில் நானே எழுதியது. அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளியதற்கு முந்தைய வருடம். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு வருடத்தை இப்படிச் சொன்னால் போதும். நாள் கிழமை குறித்து வைப்பது என் பழக்கம். வரலாற்றுப் புத்தகங்கள் படித்துப் படித்து வந்த பழக்கமாக இருக்கலாம். அதனால் பெரிய பயன் ஒன்றும் விளைந்ததில்லை. எதையாவது உறுதியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் நாக்கு கொஞ்சம் தயங்கும்.

நான் அங்கன்வாடி மையத்தில் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் எங்களை 'டீச்சர்' என்பார்கள். நாங்கள் கற்றுக்கொடுத்ததைவிட ஊட்டிவிட்டதும் எடை பார்த்ததும்தான் அதிகம். இப்போது என் பழைய மையத்தில் இருக்கும் ரேவதி, போன வாரம் வீட்டுக்கு வந்தாள். ஊட்டச்சத்து வாரத்துக்கு ஒரு கூட்டமாம்.

"அக்கா, ரெயின்போ பிளேட்டுன்னு புதுசா ஒரு சார்ட் குடுத்துக்கிறாங்க. தட்டுல ஏழு கலர் இருக்கணுமாம். நீங்க வந்து ஒரு பத்து நிமிஷம் பேசினா போதும்க்கா. நான் போட்டோ எடுத்து ஆப்ல ஏத்திடுவேன்."

"முட்டி வலிக்குதும்மா. பத்து நிமிஷம் நின்னா பத்து நாள் படுக்கணும்."

"அப்போ எழுதிக் குடுங்கக்கா. நான் படிச்சிடறேன்."

அதனால்தான் எழுதுகிறேன். சார்ட்டுகளின் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. அலுப்பு உண்டு. நான் சேர்ந்தபோது கோபுரம் மாதிரி ஒரு படம் மாட்டினார்கள். பிறகு மூன்று நிறம் என்றார்கள், பிறகு வட்டத் தட்டு. இப்போது வானவில். எல்லாம் சரியான படங்கள்தான். ஒரே வாக்கியத்தைக் காலமெல்லாம் வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அந்த வாக்கியம் நம் வாயிலிருந்து வருவது நமக்கே கேட்காமல் போய்விடும். "கீரை சாப்பிடுங்க, பருப்பு சேத்துக்குங்க." பேருந்து நடத்துநர் ஊர் பெயர் சொல்கிற மாதிரி.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சத்து எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். அது எப்படிப் போகிறது என்று பிறகு சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவதுதான் வேலைக்கு உதவியது. கீரையை முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிய பிறகு கழுவினால் பாதிச் சத்து தண்ணீரோடு போகும். கொஞ்சம் தண்ணீரில் வேகவைக்க வேண்டும், அந்தத் தண்ணீரைக் கொட்டக் கூடாது. எலுமிச்சை பிழிவதானால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு. பயறை ராத்திரி ஊறவைத்துக் காலையில் வடித்து ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். முளை அரிசிமணி அளவு எட்டிப் பார்த்தால் போதும், நீளமாக விட்டால் குழந்தைகள் 'புழு' என்று துப்பும். அரிசியை இரண்டு தண்ணீருக்கு மேல் களையக் கூடாது. இவ்வளவுதான். இதைக் கற்க ஒரு வாரம் போதும். ஒரு வீட்டில் நடக்க வைக்க ஒரு பணிக்காலம் போதாது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்றால் அது எஸ்தர் மேடம்தான். எங்கள் வட்டாரத்தின் மேற்பார்வையாளர். மற்ற அதிகாரிகள் வந்தால் நாற்காலி தேடுவார்கள், பதிவேடு கேட்பார்கள். எஸ்தர் மேடம் செருப்பை வாசலில் விட்டு நேராகச் சாப்பிடும் இடத்துக்கு வந்து, குழந்தைகளின் வரிசையில் கடைசியாகத் தரையில் உட்கார்ந்துவிடுவார். கைப்பையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு ஸ்பூன் இருக்கும். "எனக்கும் ஒரு தட்டு" என்பார். முழுவதும் சாப்பிடுவார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டார். பிறகு எழுந்து, குழந்தைகள் கழுவப் போடும் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

ஒருநாள் என் மையத்தில் ஒரு தட்டின் ஓரத்திலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். முருங்கைக்கீரைக் காம்பு.

"கஸ்தூரி, இது இன்னா?"

"காம்பு மேடம்."

"இது மாதிரி எல்லாத் தட்டுலயும் இருக்குது. காம்போட சேத்து கீரையையும் ஒதுக்கிட்டாங்க பாரு. நீ கீரை போட்டேன்னு எழுதுவ. நானும் கையெழுத்துப் போடுவேன். புள்ள வயித்துல இருக்கிறது வெறும் சோறு." காம்பை என் கையில் வைத்தார். "போட்டதை எண்ணாத. மிச்சத்தைப் பாரு."

குரல் உயரவில்லை. அன்று மாலை அவரே என்னோடும் உதவியாளரோடும் உட்கார்ந்து அடுத்த நாளுக்கு முருங்கைக்கீரை உருவினார். பேருந்துக்கு நேரமாகிறது என்று நான் சொன்னதற்கு, "அடுத்த பஸ்ஸு வரும்" என்றார்.

தாமலில் ஒரு மையத்தில் பருப்பு வேகவில்லை என்று தினமும் சோடா உப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், உப்பு அதிகம். மேடம் மூடியைத் திறந்து மோந்து பார்த்த உடனே கேட்டார், "சோப்பு வாசன வருதே, யாரு குளிச்சது?" அங்கிருந்த உதவியாளர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். சோடா உப்பு பருப்பைக் குழைக்கும், கூடவே அதில் உள்ள சில சத்தையும் கெடுக்கும். பருப்பை ராத்திரியே ஊறவைக்கச் சொன்னார். ஏரிப்பக்கத்துக் கிணற்றிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவர ஒரு வீட்டில் பேசிவிட்டு வந்தார். அவ்வளவுதான் அவருடைய பாணி. புதிதாக எதையும் கண்டுபிடிக்க மாட்டார். இருப்பதைக் கெடாமல் பார்த்துக்கொள்வார்.

'மிச்சத்தைப் பாரு' என்ற அந்த ஒரு விதியை வைத்துத்தான் நான் பெரும்பாலும் காலம் தள்ளினேன். அந்த விதி கைவிட்ட வீடுதான் தேவகியின் வீடு.

தேவகி பிறந்த ஊர் தென்னேரி. அப்பாவுக்கு ஏரிப்பாசனத்தில் கொஞ்சம் நிலம். ஏரி மீனும் வயல் கீரையும் தின்று வளர்ந்த பெண். வாழ்க்கைப்பட்டது ஐயம்பேட்டையில் நெசவு வீட்டில். கணவன் குமார், நல்ல நெசவாளி. மாமியார் ராணியம்மா. முதல் பிரசவத்தில் தேவகிக்கு ரத்தப்போக்கு நிற்காமல், பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். குழந்தை தங்கவில்லை. இரண்டாவது முறை உண்டானபோது சுகாதார நிலையத்து டாக்டரம்மா என்னையும் செவிலியரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "இந்தப் பொண்ணுக்கு இழக்கிறதுக்கு ரத்தம் கையிருப்பே இல்ல. ஏழுக்குக் கீழ போனா பெரிய ஆஸ்பத்திரியில படுக்க வெச்சு ஏத்தணும். பிரசவ நேரத்துல இதே அளவுல இருந்தா, போன தடவை மாதிரி திரும்பி வருவாளான்னு எனக்குத் தெரியாது."

நான் வாரம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போனேன். காலை பத்து மணி வாக்கில்தான் போக முடியும். மதியம் மையத்தில் குழந்தைகளுக்குச் சோறு போட வேண்டும். போகும்போதெல்லாம் அடுப்பில் கீரை வெந்துகொண்டிருக்கும். ராணியம்மா மூடியைத் திறந்து காட்டுவார்.

"பாத்துக்குங்க டீச்சரம்மா. நேத்து முருங்கை, இன்னிக்கி அரைக்கீரை. நாங்க குறை வெக்கறதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்த பாத்திரங்களையும் பார்த்திருக்கிறேன். வழித்துத் துடைத்த மாதிரி இருக்கும். மிச்சமே இல்லாத வீடு. ஆனால் தேவகியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுப்பு. நாக்கும் வெளுப்பு. மாத்திரை அட்டையும் ஒழுங்காகக் காலியாகிக்கொண்டிருந்தது.

ஆடி மூன்றாவது ஞாயிறு. ஊர் அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். கேழ்வரகுக் கூழ், கூடவே முருங்கைக்கீரை. இதைவிட நல்ல சாப்பாட்டை எந்தச் சார்ட்டிலும் நான் பார்த்ததில்லை. ஒரு தூக்கில் வாங்கிக்கொண்டு தேவகியின் வீட்டுக்குப் போனேன். நான் அந்த வீட்டுக்குள் மதியத்தில் போனது அதுதான் முதல் தடவை.

தறி ஓடிக்கொண்டிருந்தது. நீளவாட்டில் பாவாக இழுத்துக் கட்டிய பட்டு நூல், பால் வெள்ளை உடல், அரக்கு பார்டர். கோர்வைப் புடவை, அதாவது உடலும் பார்டரும் தனித்தனி நிறத்தில் ஓடி ஓரத்தில் பூட்டிக்கொள்ளும் வேலை. தனி ஆளால் முடியாது. குமார் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் உட்கார்ந்து பார்டர் நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தவள் தேவகி. ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நிற்கும். ஆவணி முகூர்த்தத்துக்கு அந்தப் புடவை போய்ச் சேர வேண்டும்.

"கூழா டீச்சர்?" தேவகி தூக்கைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உடனே கணவனைப் பார்த்தாள். "வேணாம் டீச்சர். சிந்தும்."

"சிந்தாம சாப்பிடு."

"ஐயோ, அது இங்க வரவே கூடாது டீச்சர்," என்றான் குமார். "வெள்ளப் பாவு. ஒரு சொட்டு கலரு பட்டுச்சுன்னா மொத்தப் புடவையும் போச்சு. கடையில கண்ணாடி மேஜை மேல வெச்சி, கீழ லைட்டு போட்டு இஞ்ச் இஞ்ச்சா பாப்பாங்க."

அப்போதுதான் ராணியம்மா சாப்பாடு கொண்டுவந்தார். இரண்டு கிண்ணம், இரண்டு ஸ்பூன். தயிர்ச்சோறு. கடுகு இல்லை, கறிவேப்பிலை இல்லை, பச்சைமிளகாய் இல்லை. தொட்டுக்கொள்ள மஞ்சள் போடாத வெள்ளைப் பூசணிக்காய். கிண்ணத்துக்குள் வெள்ளையைத் தவிர வேறு நிறமே இல்லை. இருவரும் தறியை விட்டு எழாமல், திரும்பி உட்கார்ந்து, பத்து வாயில் முடித்தார்கள். நெய்த பகுதியை ஒரு பழைய வேட்டியால் மூடியிருந்தார்கள். கிண்ணத்தில் மிச்சமில்லை. தேவகி இடுப்பிலிருந்து மாத்திரையை எடுத்தாள். ராணியம்மா ஒரு டம்ளர் பால் கொடுத்தார். மாத்திரையும் பாலும் உள்ளே போயின.

"தண்ணில போட்டுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வெறும் தண்ணில போட்டா வயித்தப் புரட்டுது. பாலு நல்லதுதானே டீச்சரம்மா?" என்றார் ராணியம்மா.

நான் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். தயிரும் பாலும் நல்ல உணவுதான். ஆனால் இரும்பு மாத்திரையோடு அவை சேர்ந்தால், உடம்பு இரும்பைக் குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும். அந்தப் பெண் விழுங்கிய மாத்திரையில் பாதி வீணாகியிருக்கும்.

மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெள்ளைப் பாவு தறியில் ஏறினால் இறங்கும் வரை அந்த வீட்டில் தறிச் சாப்பாடு வெள்ளைதான். மாமனார் காலத்தில் ஒருமுறை சாம்பார் தெறித்து ஒரு புடவை திரும்பி வந்ததாம், அதற்குப் பிறகு ஏற்பட்ட வழக்கம். கீரை சமைப்பது உண்மை. அதை ராணியம்மா மதியம் அடுப்படியில் சாப்பிடுவார், குமார் ராத்திரி சாப்பிடுவான். தேவகிக்கு ராத்திரியில் நெஞ்சு கரிக்கிறது, பால்சோறுதான் இறங்குகிறது. காலையில் டீயும் ரெண்டு பிஸ்கட்டும். அரிசியையோ, தண்ணீர் பளிங்காக வரும் வரை களைவார்கள். வடித்த கஞ்சியைப் பாவுக்கு விறைப்பேற்றப் பயன்படுத்துவதால், அதில் தவிட்டுத் தூசி இருக்கக் கூடாது. சோற்றில் இருந்த கொஞ்சநஞ்சமும் பட்டுக்குப் போனது. மிச்சம்தான் தேவகிக்கு.

"மீனு?" என்று கேட்டேன்.

தேவகி சிரித்தாள். "பட்டு வாசனையை இழுத்துக்கும்னு தறி ஓடற நாள்ல கவுச்சி ஆக்க மாட்டாங்க டீச்சர். தறி நிக்கறது அமாவாசைக்குத்தான். அமாவாசைன்னிக்கி எந்த வீட்டுல கவுச்சி ஆக்குவாங்க?"

குமாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அன்றைய குறிப்பில் "தறி நாள் = வெள்ளை. அமாவாசை = சைவம். மீனுக்கு நாளே இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.

மறுநாள் எஸ்தர் மேடத்திடம் சொன்னேன். அந்த வாரமே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மதியத்தில்தான் வந்தார். வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து, ஸ்பூனை எடுத்து, "எனக்கும் அதே கிண்ணம் குடுங்க" என்றார். முழுவதும் சாப்பிட்டார். பிறகு, அவர் வழக்கத்துக்கு மாறாக, பேசினார்.

"ருசியா இருக்குதும்மா. ஆனா இதுல இன்னா இருக்குது?"

"பசி அடங்கறதுக்கு இருக்குது," என்றார் ராணியம்மா. முகம் இறுகியிருந்தது.

மேடம் தறியைப் பார்த்தார். "என் கல்யாணப் பொடவையும் இதே பால் வெள்ளதான். கோயில்ல மோதிரம் மாத்திட்டு வந்து, அதைக் கட்டிக்கினே பிரியாணி தின்னேன். எங்க அம்மா என்னைத் திட்டினது ஊருக்கே கேட்டுச்சி."

"கறை ஆச்சா?" என்று ராணியம்மா உடனே கேட்டார்.

"எண்ணெ பட்டுச்சி. இன்னும் இருக்குது."

"முகப் பவுடரு போட்டு ஒரு ராத்திரி வெச்சிருக்கணும். எண்ணெய்னா இழுத்துக்கும்." ராணியம்மாவின் முகம் தளர்ந்தது. அந்த ஒரு பேச்சுக்குப் பிறகுதான் மற்றதைப் பேச முடிந்தது.

வெள்ளை வழக்கத்தை விடச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. சொல்லியிருந்தால் 'சரி' என்று தலையாட்டிவிட்டு அதே கிண்ணத்தை வைத்திருப்பார்கள். நானும் மேடமும் வெள்ளைக்குள்ளேயே தேடினோம். வெள்ளைக் காராமணி, வெள்ளைக் கொண்டைக்கடலை, மொச்சை. ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரை மாற்றி, மஞ்சள் இல்லாமல் உப்பு மட்டும் போட்டு வேகவைத்து, தேங்காய்த் துருவல் தூவி, தயிருக்குப் பதில் அதைச் சோற்றோடு வைப்பது. கூடவே வெள்ளைக் கொய்யா. பயறில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொய்யா உதவும். கொய்யாவின் சாறு ஒழுகாது, கறையும் ஆகாது. இதற்கெல்லாம் ராணியம்மா ஒத்துக்கொண்டார். முட்டையில்தான் வந்தது சண்டை.

"முட்ட வெள்ளதான். உள்ள?" என்றார் ராணியம்மா.

"மஞ்சக்கரு."

"அது உதிரும் டீச்சரம்மா. மாவு மாதிரி பறக்கும்."

"அப்போ வெள்ளய மட்டும் தின்னட்டும்," என்றான் குமார்.

"கருவுலதான்பா சத்து அதிகம்," என்றேன்.

"அப்போ கருவை நீ தின்னுடா, அவளுக்கு வெறும் வெள்ளயா?" என்று மகனைப் பார்த்துக் கத்தினார் ராணியம்மா. யாரோடு யார் சண்டை போடுகிறார்கள் என்று தெரியாமல் எல்லோரும் சிரித்தோம். அவித்த முட்டைக்கு மீன் அளவு வாசனை இல்லை என்று பேசி, கடைசியில் அது காலைக்குப் போனது. டீக்கு முன்னால், தறியில் உட்காருவதற்கு முன்னால், கேழ்வரகு அடையும் முருங்கைக்கீரையும் முட்டையும். கை வாய் கழுவிவிட்டுத்தான் தறி. டீ பிறகு. மாத்திரை ராத்திரி படுக்கும் முன், எலுமிச்சைத் தண்ணீரில், பாலுக்கு ரொம்ப நேரம் தள்ளி. கஞ்சிக்கு நொய் அரிசியைத் தனியாக வைத்துக்கொள்வது. சாப்பிடும் சோற்றை இரண்டு தண்ணீரோடு நிறுத்தி, வடிக்காமல் பொங்குவது.

"பொங்கின சோறு குழையும்," என்றார் ராணியம்மா.

"குழைஞ்சா குழையட்டும்மா. பாவுக்குப் போறதைக் கொஞ்சம் பொண்ணுக்குப் போடுங்க," என்றார் மேடம்.

எல்லாம் நடந்ததா என்றால், இல்லை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது ரத்தம் 7.6. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. செவிலியர், "வயித்துல குழந்தை வளருது இல்ல, அதுவும் இழுக்கும்" என்றார். உணவால் வரும் மாற்றம் அவ்வளவு சீக்கிரம் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? டாக்டரம்மா காத்திருக்கவில்லை. இரும்புச் சத்தைப் பாட்டிலில் கலந்து நரம்பு வழியாக ஏற்ற வேண்டும், நாள்விட்டு நாள், சில தடவை வர வேண்டும் என்றார்.

குமார் மையத்து வாசலில் வந்து நின்றான். "டீச்சர், நான் வேணாம்னு சொல்லல. ஆவணி இருபத்தஞ்சிக்குள்ள பொடவை போவணும். அவ ஒரு நாளு வரலன்னா தறி ஒரு நாளு நிக்கும். ஊசிய முகூர்த்தத்துக்கு அப்புறம் வெச்சுக்கலாமான்னு டாக்டரம்மாவ நீங்க கேளுங்களேன்."

அவன் கெட்டவன் இல்லை. முதல் குழந்தையைக் கையில் வாங்கிக் கொண்டுபோய்ப் புதைத்தவன் அவன்தான். நான் பதில் சொல்வதற்குள், பின்னாலேயே வந்திருந்த ராணியம்மா பேசினார்.

"நான் உட்கார்றேன்டா."

"உனக்குக் கண்ணு தெரியாது."

"கோர்வைக்குக் கையி தெரிஞ்சா போதும். அவ ஆஸ்பத்திரிக்கிப் போவட்டும்."

கண் மங்கியதால் தறியை விட்ட பெண்மணி அவர். அந்த ஊசி நாட்களில் மருமகளின் இடத்தில் அவர் உட்கார்ந்தார். தேவகி என்னோடு சுகாதார நிலையத்துக்கு வந்தாள். முதல் நாள் ஊசி முடிந்து வெளியே வந்தால், மரத்தடி பெஞ்சில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். தென்னேரியிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்திருக்கிறார். மடியில் ஒரு தூக்கு. ஏரிக் கெண்டை, புளிக்குழம்பு.

தேவகி அந்தப் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்றதைப் போல ஒரு பெண் தின்று நான் பார்த்ததில்லை. குழம்பு முழங்கை வரை வழிந்தது.

"மெல்லத் தின்னுடி, முள்ளு," என்றார் அம்மா.

"சிந்துது பாரு," என்று நான் வேடிக்கைக்குச் சொன்னேன்.

"சிந்தட்டும் டீச்சர்," என்றாள். "இங்க பாவா விரிச்சிருக்குது?"

புடவை ஆவணியில் போய்ச் சேர்ந்தது. புரட்டாசியில் ரத்தம் 9.2. கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம் காஞ்சிபுரத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. ரத்தப்போக்கு இருந்தது, நின்றது. தேவகி எழுந்து உட்கார்ந்தாள். நான் அன்று வீட்டுக்கு வந்து, காலைக் கழுவக்கூடத் தெம்பில்லாமல், அப்படியே படுத்துத் தூங்கினேன்.

எஸ்தர் மேடம் அறிக்கை எழுதச் சொன்னார். உணவு மாற்றத்தால் ரத்தம் ஏறியது என்று எழுதியிருந்தால் மேலே இருப்பவர்களுக்குப் பிடித்திருக்கும். நான் ஊசியையும் எழுதினேன், சாப்பாட்டையும் எழுதினேன், எது எவ்வளவு என்று தெரியவில்லை என்றும் எழுதினேன். மேடம் படித்துவிட்டு, "மீனை விட்டுட்டியே" என்றார். மீனையும் சேர்த்தேன்.

அதற்குப் பிறகும் அதே வேலைதான், அதே வாக்கியம்தான். ஒரே ஒரு மாற்றம்: வீடு பார்க்கப் போகும் நேரத்தை அவ்வப்போது மதியத்துக்கு மாற்றினேன். குழந்தைகளின் சோற்றை உதவியாளரிடம் விட்டுவிட்டுப் போவேன். அதற்காக இரண்டு முறை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ரேவதி, உன் வானவில் தட்டை மாட்டு. மாட்டிவிட்டு, அந்த வீட்டில் என்ன தொழில், எந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எந்த நிறம் அவர்களுக்கு ஆகாது என்று மதியத்தில் போய்ப் பார். போட்டோ பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று. நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு பங்குனி உத்திரத்தன்று, காஞ்சிபுரம் பெரிய கோயில் பக்கம் கூட்டத்தில் தேவகியைப் பார்த்தேன். மகள் கையைப் பிடித்திருந்தாள். எதையோ பேசிக்கொண்டிருந்தவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டீச்சர், அந்த வெள்ளப் பொடவை இல்ல, அதுல ஒரு எடத்துல மஞ்சா இருக்குது. முந்திக்குக் கொஞ்சம் கீழ, பார்டர் ஓரத்துல. எள்ளு அளவு."

"எப்படி?"

"ஒருநாள் மத்தியானம். உங்க கடலையெல்லாம் தின்னேன், பசி அடங்கல. தறியில உட்கார முடியல. அத்த அடுப்படில இருந்து சாம்பார் சோறு பிசைஞ்சு எடுத்தாந்துட்டாங்க. 'நீ கையால தொடாத, அறுந்த இழைய முடிஞ்சிக்கினே இரு, வாயத் தொற'ன்னு சொல்லி, தறிகிட்டயே நின்னு ஊட்டினாங்க. அவருக்கே தெரியாது, அப்போ வெளிய போயிருந்தாரு. அதுக்கப்புறம் அவரு டீக்குப் போற நேரமாப் பாத்து தினமும் ஊட்டினாங்க. ஒருநாள் ஒரு சொட்டு விழுந்துடுச்சி. அத்த பவுடரு போட்டு, அந்த எடம் மடிப்புக்குள்ள போற மாதிரி மடிச்சிட்டாங்க. கடையில யாரும் பாக்கல."

அடுத்த வாரம் ஐயம்பேட்டைக்குப் போனபோது ராணியம்மாவைக் கேட்டேன். வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"எங்க தறியில மஞ்சளா? யாரு சொன்னது? அவ எதுனா ஒளறுவா, நீங்களும் கேட்டுக்கினு வந்துட்டீங்க." இரண்டாவது தண்ணீரைக் கொட்டினார். மூன்றாவது ஊற்றாமல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்தப் புடவை எந்த ஊரில் எந்தப் பெண்ணின் பெட்டியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முந்திக்குக் கீழே எள்ளளவு மஞ்சள் உண்டா இல்லையா என்பதை நான் பார்க்கவில்லை. ஆகவே இது சரிபார்க்கப்படாத செய்தி என்றே குறித்து வைத்திருக்கிறேன்.